தையல் போடாத கண்ணில் புண் எப்படி ஆறுகிறது?

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வரும் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது "எத்தனை தையல் போட்டாங்க?" என்றுதான். "தையலே கிடையாதாம், அன்னிக்கே அனுப்பிட்டாங்க" என்று பதில் வந்ததும், "அப்ப ஒண்ணுமில்ல போ" என்று பேச்சு முடிந்துவிடும். அடுத்த நாளே அம்மா அடுப்படியில் நிற்பார். அப்பா தோளில் துண்டோடு வயலுக்குக் கிளம்புவார். இன்னொரு பக்கம், அதே வீட்டில் மீன் கூடாது, முட்டை கூடாது, கத்திரிக்காய் கூடாது, டிவி பக்கமே திரும்பக் கூடாது என்று பத்தியம் கடுமையாக நடக்கும்.

தையல் போடாத கண் காயம் முதல் ஒரு வாரம் இரண்டே விஷயங்களை நம்பி மூடிக் கிடக்கிறது: வெட்டிய வடிவம், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் எந்தக் கட்டுப்பாடு உயிரானது, எது வெறும் பழக்கம் என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. தேவையில்லாததைக் கறாராகப் பிடித்துக்கொண்டு, தேவையானதை விட்டுவிடுகிறார்கள்.

நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இந்த ஆபரேஷனைப் பற்றித் தெரியாத குடும்பம் குறைவு. தவளக்குப்பத்தில் 2003-இல் வந்த அரவிந்த் கண் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, இவை போக இரண்டு ஊரிலும் தனியார் கண் மருத்துவமனைகள். பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முகாம் போட்டால் பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். ஆனால் தன் கண்ணில் நடந்தது இரண்டு வகையில் எது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது அவசியம். புண் இருக்கும் இடமும் ஆறும் வேகமும் இரண்டுக்கும் வேறு.

முதலாவது பாகோ. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்த முறை. கருவிழியின் ஓரத்தில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டு, பக்கத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஒன்றோ இரண்டோ சிறு துளைகள். அதன் வழியே அல்ட்ராசவுண்ட் முனையை விட்டுப் புரையை நொறுக்கி உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரியவிடுவார்கள். பெரும்பாலும் காதுப்பக்க ஓரத்தில்தான் வெட்டுவார்கள். அதாவது, கண்ணைத் திறந்தால் இமைகளுக்கு நடுவே காயம் வெளியே தெரிகிற இடத்தில் இருக்கும்.

இரண்டாவது எஸ்.ஐ.சி.எஸ். (சிறு வெட்டுக் கண்புரை ஆபரேஷன் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). முற்றிப்போன புரைக்கும், முகாம் நோயாளிகளுக்கும் அதிகம் செய்வது இதுதான். இதில் கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழி ஓரத்திலிருந்து ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்தில் பாதி ஆழத்துக்கு வெட்டி, அங்கிருந்து சுரங்கம் போலக் கருவிழிக்குள் கொண்டுபோய் உள்ளே திறப்பார்கள். புரை உடையாமல் முழுசாக வெளியே வரும். வெட்டு பெரியதாக இருந்தாலும் தையல் வேண்டியதில்லை. பெரும்பாலும் மேல் இமைக்குக் கீழே இருப்பதால் இமையே அதற்கு ஒரு மறைப்பு. மேலே இருக்கும் மெல்லிய தோலைப் பிரித்து மூடுவதால் கண் சிவந்திருக்கும். மணல் அறுப்பது போல உறுத்தும். சில நேரம் ரத்தம் கட்டித் திட்டாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும் அந்தத் திட்டு இரண்டு வாரத்தில் தானே கரைந்துபோகும். அதற்கு மருந்து தேவையில்லை.

இரண்டிலும் வெட்டு நேராக உள்ளே இறங்குவதில்லை. முதலில் கொஞ்சம் கீழே, பிறகு படுக்கைவாட்டில் சில மில்லிமீட்டர், பிறகு உள்ளே என்று படிபோல் போகும். எதற்காக இவ்வளவு சுற்று? கண்ணுக்குள் எப்போதும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தம் சுரங்கத்தின் உள்பக்க உதட்டை வெளிப்பக்க உதட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. உள்ளிருந்து ஒருவர் முதுகைச் சாய்த்து அடைத்துப் பிடித்த கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிற்கும் வரை திறக்காது. கடைசியாக டாக்டர் மெல்லிய குழாய் ஊசியால் வெட்டின் இரண்டு சுவர்களிலும் உப்புநீரைச் செலுத்தி உப்பவைப்பார். சுவர்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டும். அந்த இடம் லேசாக வெளுத்துத் தெரிந்தால் அது இதுதான். ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

கண்ணுக்குள் இருக்கும் நீர் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை மைக்ரோலிட்டர் வீதம் சுரந்துகொண்டே இருக்கிறது. முன்னறையின் கொள்ளளவே கால் மில்லிலிட்டர்தான். அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் புதிதாகிவிடும், அழுத்தமும் தானே நிலைக்கு வந்துவிடும். கண்ணைக் கசக்காமல் இருந்தால் போதும்.

கசக்கினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏனென்றால் இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். விரலால் அழுத்தும்போது உள் அழுத்தம் சட்டென்று ஏறி, உள்ளே இருக்கும் நீர் வெட்டு வழியே கொஞ்சம் வெளியே தள்ளப்படுகிறது. விரலை எடுத்ததும் உள்ளே இருந்த நீர் குறைந்துவிட்டதால் அழுத்தம் இயல்பைவிடக் கீழே விழுகிறது. கதவைப் பிடித்திருந்தவர் நகர்ந்த அந்த நொடியில் உதடுகள் விலகி, கண்ணின் மேல் இருக்கும் கண்ணீர், இமை ஓரத்து அழுக்கு, முகம் கழுவிய தண்ணீர் ஆகியவை உள்ளே உறிஞ்சப்படுகின்றன. இமை ஓரத்தில் எல்லோருக்கும் கிருமிகள் உண்டு. வெளியே இருக்கும் வரை அவற்றால் தொல்லை இல்லை. உள்ளே போனால்தான் ஆபத்து.

நம் வீடுகளில் கண்ணைக் கசக்குவது என்றால் அரிப்புக்குக் கசக்குவது மட்டும் கிடையாது. கோயிலில் தீபாராதனை தட்டு வந்ததும் இரண்டு கையையும் சுடரில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த ஒற்றுதலில் உள்ளங்கை கண்ணின் மேல் அழுந்துகிறது. கையில் விபூதித் தூளும் இருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு மாதம் வரை தொலைவில் நின்று கும்பிடுங்கள். நெற்றியில் அடுத்தவர் விபூதி பூசி ஊதிவிடுவதும் வேண்டாம். தீர்த்தத்தை முகத்தில் தெளித்துக்கொள்ளவும் வேண்டாம். இரவில் தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும் என்பதால்தான் பிளாஸ்டிக் மூடியைக் குறைந்தது ஒரு வாரம் ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்கிறார்கள். பகலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரவில் மூடியை மறந்துவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், இரவு மூடியைத்தான் விடக்கூடாது என்பேன்.

சரி, மூடிக் கிடக்கும் காயம் எப்போது ஒட்டும்? கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் அது கண்ணாடியாகத் தெளிந்திருக்க முடியாது. அதற்குக் கொடுக்கும் விலை, மெதுவாக ஆறுவது. மேலே இருக்கும் மெல்லிய தோல் அடுக்கு மட்டும் வேகம். ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில் வெட்டின் வாயை மூடிவிடும். உறுத்தல் பாதியாகக் குறைவது அப்போதுதான். பலர் ஆறிவிட்டது என்று நினைக்கும் நேரமும் அதுவே. ஆனால் கருவிழியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு அதற்குக் கீழே இருக்கும் கொலாஜன் அடுக்கு. அங்கே இருக்கும் செல்கள் விழித்து, உருமாறி, புது நாரை நெய்து, அதை வரிசைப்படுத்த வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். பல மாதம் கழித்தும் அந்த இடம் வெட்டுப்படாத கருவிழி அளவுக்குப் பலம் பெறுவதில்லை. எஸ்.ஐ.சி.எஸ்.-இல் வெள்ளைப் பகுதிக்கு மேலே ரத்த ஓட்டமுள்ள திசு இருப்பதால் அங்கிருந்து ஆறுதல் தொடங்கும்.

உட்புறத்தில் இன்னொரு அடுக்கு இருக்கிறது: எண்டோதீலியம். ஒரே ஒரு செல் தடிமன். கருவிழிக்குள் சேரும் நீரை இடைவிடாமல் வெளியே இறைப்பது இதன் வேலை. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள். மனிதரில் இவை மறுபடி பெருகுவதில்லை. செத்த இடத்தைப் பக்கத்துச் செல்கள் பரந்து விரிந்து மூடும். முற்றிய கல்போன்ற புரையை உடைக்கக் கூடுதல் அல்ட்ராசவுண்ட் செலவானால் இந்தச் செல்கள் அடிவாங்கும், கருவிழி வீங்கும். முதல் சில நாள் காலையில் எழுந்ததும் பார்வை புகைபோல் இருந்து, மதியத்துக்குமேல் தெளிவது இதனால்தான். இமை மூடியிருக்கும் இரவில் நீர் ஆவியாகாமல் உள்ளே சேர்கிறது. கண் திறந்ததும் உலர்ந்து தெளிகிறது. நாளுக்கு நாள் தெளிவு கூடிக்கொண்டே போனால் கவலை வேண்டாம். புரையை முற்றவிட்டு, "நல்லா பழுத்ததும் எடுத்துக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் இந்தச் செல்களைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

மறுநாள் பரிசோதனை

பஸ் பிடித்து மறுபடி வர வேண்டுமா என்று அலுத்துக்கொண்டு பலர் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான். ஆனால் கசிவும் அழுத்தமும் தெரிவது அன்றைக்குத்தான்.

கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் செய்யும் சோதனை ரொம்ப எளிது. ஃப்ளூரசீன் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை நனைத்து வெட்டின் மேல் லேசாகத் தொடுவார்கள். ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) நீல வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தால், கெட்டியான சாயம் மங்கிய ஆரஞ்சாகப் படிந்திருக்கும். வெட்டு இறுக்கமாக இருந்தால் அது அப்படியே நிற்கும். கசிந்தால், உள்ளிருந்து வரும் தெளிந்த நீர் சாயத்தைக் கரைத்துக்கொண்டு பளிச்சென்ற பச்சைக் கோடாகக் கீழே வழியும். சில விநாடி வேலை. சிறு கசிவு என்றால் கட்டுப் போட்டோ, பேண்டேஜ் காண்டாக்ட் லென்ஸ் வைத்தோ ஒட்டவிடுவார்கள். பெரிது என்றால் முடியைவிட மெல்லிய 10-0 அளவு நைலான் நூலில் ஒரு தையல். தையல் விழுந்தால் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாகோ முனை சூடேறி வெட்டின் ஓரம் சுருங்கினாலோ, சுரங்கம் குட்டையாகிவிட்டாலோ, நோயாளிக்கு விடாத இருமல் இருந்தாலோ, தையல் போடுவதுதான் சரியான முடிவு.

கண் அழுத்தம் ஏறுவது இன்னொரு பிரச்சினை. ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்திருந்த ஜெல் கொஞ்சம் மீந்துபோனால் அது வடிகாலை அடைக்கும். அன்று மாலையோ இரவோ புருவத்தைச் சுற்றி வலி, தலைவலி, வாந்தி. வீட்டில் இதைப் பித்தம் என்றும், பஸ்ஸில் வந்த களைப்பு என்றும் நினைத்துச் சுக்குக் காப்பி கொடுத்துவிடுவார்கள். ஆபரேஷன் அன்று வாந்தி வந்தால் மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாத்திரையிலும் சொட்டு மருந்திலும் அடங்கிவிடும் விஷயம் அது.

சொட்டு மருந்து விடும் கை

மருத்துவமனை சீட்டில் பொதுவாக இரண்டு இருக்கும். மாக்சிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம் போன்ற கிருமிக்கொல்லி, ஒரு வாரம் இரண்டு வாரம். பிரெட்னிசலோன் அசிட்டேட் 1 சதவீதம் போன்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, நாளுக்கு ஆறு முறை தொடங்கி வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறு வாரம். இந்த 6-5-4-3-2-1 கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தேதியோடு எழுதுங்கள். "மூணாவது வாரம்" என்று எழுதினால் பாட்டிக்கு எந்தத் திங்கள்கிழமை என்று தெரியாது. சில கண்களுக்கு நெபாஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத அழற்சி மருந்தும் சேரும். உங்கள் சீட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் உங்களுக்கு.

பிரெட்னிசலோன் பாட்டிலைக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் வெறும் நீர்தான் கண்ணில் விழும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும்.

விடுகிற விதம் இது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், உலரவிடுங்கள். அவரைப் படுக்கவைப்பது நல்லது. உட்கார்ந்தால் தலையைச் சுவரில் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விரலைக் கன்னத்து எலும்பின் மேல் வைத்துக் கீழ் இமையை மட்டும் கீழே இழுங்கள். விரல் கண்ணுருண்டையில் அழுந்தவே கூடாது. மேல் இமையைத் தூக்க வேண்டியதில்லை. பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுங்காது. நுனி எதிலும் படாமல் ஒரு அங்குல உயரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டு, இமைக்குள் தெரியும் பள்ளத்தில். இமை தாங்குவது அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டே அந்த அளவு, சில பாட்டில்களில் 50 வரை. இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மெல்ல மூடி இரண்டு நிமிடம். இறுக்கிச் சிமிட்டக் கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. களிம்பு இருந்தால் அது கடைசியில்.

பாட்டில் நுனி இமை முடியில் பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு நாளுக்கு ஆறு முறை நீங்களே அதைக் கண்ணில் விடுவீர்கள். திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு மிச்சமானதை வாங்கி விடுவது கூடவே கூடாது.

கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்ய, பஞ்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே துடைப்பு. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். முந்தானையும் துண்டும் கண் பக்கம் வர வேண்டாம். நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய், கண்மை எதுவும் வேண்டாம். திறந்த வெட்டுக்கு மேல் கிருமி நீக்காத எதை வைத்தாலும் ஆபத்துதான். குளிர்ச்சிக்காக வைக்கிறோம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பூவில் தோட்டத்து மண்ணும் பூஞ்சையும் இருக்கிறது.

கண் வெள்ளையாகி வலியும் இல்லை என்றதும் இரண்டாவது வாரமே ஸ்டீராய்டை நிறுத்திவிடுகிறார்கள். உள் அழற்சி அடங்கியிருக்காது. நிறுத்தியதும் கிளம்பும்: வெளிச்சம் கூசும், கண் சிவக்கும், மந்தமாக வலிக்கும். சிலருக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து, நன்றாக வந்திருந்த பார்வை மறுபடி மங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். எதிர்த்திசையில், ஆறு வாரம் முடிந்தும் "இது விட்டா கண்ணு குளுமையா இருக்கு" என்று மெடிக்கலில் காலிப் பாட்டிலைக் காட்டித் தொடர்ந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு பல வாரம் போனால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலியே இல்லாமல் பார்வை நரம்பு தேயும். போன பார்வை திரும்பாது.

தண்ணீர், காற்று, குனிதல்

கழுத்துக்குக் கீழே அன்றைக்கே குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். தலைக்கு ஊற்றுவதைப் பாகோவுக்கு ஒன்றிரண்டு வாரமும், எஸ்.ஐ.சி.எஸ்.-க்கு அதைவிடக் கூடுதலாகவும் தள்ளிப்போடச் சொல்வார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு மாறும். தலை அலசியே ஆக வேண்டுமென்றால், சலூனில் செய்வதுபோல மல்லாந்து, வேறு ஒருவர் பின்பக்கமாக ஊற்ற வேண்டும். ஏரி, குளம், கிணறு, கடல் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, தேங்காய்த்திட்டுப் பக்கம் படகில் போகிறவர்களுக்கு இது சம்பளப் பிரச்சினை என்று தெரியும். கரையில் வலை சரிசெய்யலாம். அலைத்தண்ணீர் முகத்தில் அடிக்கும் வேலைக்கு ஐந்தாறு வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு போகட்டும்.

வயலில் வேலை செய்பவர்களுக்கு வேறு ஆபத்து. நெல் தூற்றும் தூசு, கரும்புத் தோகை, முந்திரித் தோப்புச் சருகு ஆகியவற்றில் பூஞ்சை இருக்கிறது. நம் நாட்டில் இந்தச் சுரங்க வெட்டில் பிற்பாடு வரும் தொற்றுகளுக்குப் பூஞ்சையும் முக்கியமான காரணம். மெதுவாக, வாரங்கள் கழித்து வரும். ஸ்டீராய்டு அதற்குத் தீனி. அறுவடைக்கு முன்பு ஆபரேஷன் செய்துகொண்டு அறுவடைக்கு இறங்குவதைவிட, அறுவடை முடித்துவிட்டுச் செய்துகொள்வது மேல். டாக்டரிடம் இதைச் சொன்னால் தேதி மாற்றித் தருவார்.

குனியவே கூடாது என்று பயமுறுத்துவது அதிகப்படி. செருப்பை மாட்டக் குனிவதால் நல்ல வெட்டு திறந்துவிடாது. மூச்சை அடக்கி முக்குவதுதான் கெடுதல்: தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, மலச்சிக்கல், விடாத இருமல். பாகோவுக்கு இரண்டு வாரம், எஸ்.ஐ.சி.எஸ்.-க்கு ஒரு மாதம் கனமானதைத் தூக்க வேண்டாம். தொழுகையில் ஸஜ்தா செய்பவர்கள் கொஞ்ச நாள் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். சாஷ்டாங்க நமஸ்காரமும் அப்படியே. சிரசாசனம் கண் அழுத்தத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். யோகா வகுப்புகளுக்குப் பஞ்சமில்லாத புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது: ஒரு மாதத்துக்குத் தலைகீழ் ஆசனம் எதுவும் வேண்டாம். மூக்குப்பொடி போடும் தாத்தாக்கள் அதை நிறுத்த இதைவிட நல்ல சமயம் கிடையாது. தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்ம வேண்டும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது அம்மா அடுப்படியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தியத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மீன் சாப்பிட்டால் கண்ணில் சீழ் பிடிக்காது. புது நார் நெய்யப் புரதம் வேண்டும், அதை முறுக்கிப் பலப்படுத்த வைட்டமின் சி வேண்டும். சங்கராவும் மத்தியும் முட்டையும் பருப்பும் கொய்யாவும் நெல்லிக்காயும் தாராளமாகச் சாப்பிடட்டும். பல் இல்லாத எழுபது வயதுப் பாட்டியை ஒரு மாதம் ரசம் சாதத்தில் வைப்பதுதான் புண் ஆறுவதைத் தாமதமாக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் கட்டுப்பாட்டை விடக்கூடாது. சர்க்கரை ஏறினால் கருவிழியின் மேல்தோல் மெதுவாகத்தான் மூடும், உணர்ச்சியும் குறைவாக இருப்பதால் ஏதாவது ஆனாலும் வலி தெரியாது. டிவி, மொபைல், செய்தித்தாள் எதுவும் வெட்டைப் பாதிக்காது. கண் காய்ந்து எரிந்தால் கொஞ்சம் ஓய்வு. வெட்டும்போது கருவிழி நரம்புகள் அறுபடுவதால் இந்த வறட்சியும் மணல் உறுத்தலும் மூன்று மாதம் வரை வந்து வந்து போகும்.

எப்போது ஓட வேண்டும்

கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதுதான் எல்லோரும் பயப்படும் விஷயம். அது அபூர்வம். ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருப்பதும், முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி செலுத்துவதும் அதைக் குறைக்கின்றன. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் செலுத்தாதபோது 0.07 சதவீதமாக இருந்த தொற்று, செலுத்தியபோது 0.02 சதவீதமாக இறங்கியது. அவ்வளவு குறைவு என்றாலும், வந்தவருக்குச் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.

பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வரும். முந்தின நாள் தெரிந்த காலண்டர் எண் இன்று தெரியவில்லை, சிவப்பு குறைந்துகொண்டு வந்தது மறுபடி ஏறுகிறது, இமை வீங்குகிறது, கருவிழிக்குள் அடியில் வெள்ளையாகக் கோடு கட்டித் தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த மணியே போக வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. 1995-இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் சீழ் பிடித்த கண்களில் சுமார் கால்பங்குக்கு வலியே இல்லை. பார்வை குறைவதுதான் நம்பகமான அறிகுறி. அதனால் தினமும் காலையில் நல்ல கண்ணைக் கையால் மறைத்து, ஆபரேஷன் கண்ணால் ஒரே இடத்திலிருந்து ஒரே காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்றைவிடக் குறைந்தால் தெரிந்துவிடும்.

இருமியபோதோ கசக்கியபோதோ ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்து, கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கூர்மையாக இழுத்துக்கொண்டு தெரிந்தால், ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத் திரை) வெட்டில் வந்து சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். தொடாமல், மூடியை ஒட்டிக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் போங்கள். உடனே ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டியிருக்கலாம். ஞாயிறு என்றாலும், தீபாவளி மழை என்றாலும், பக்கத்து மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு ஒரு நாள் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில்தான் எந்தக் கண், எந்தத் தேதி, எந்த லென்ஸ், என்ன வகை ஆபரேஷன் என்ற எல்லாமும் இருக்கும்.

விழித்திரைக்குத் தையலில்லா விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்களுக்கும் மேலே சொன்னதில் பாதி பொருந்தும். அந்தத் துளைகள் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் உள்ளே வாயு நிரப்பியிருந்தால் விமானத்தில் ஏறக் கூடாது, ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் போகக் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். வாயு வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை இந்தத் தடை. குமிழி முழுதும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். வெட்டு ஆறி இறுகும்போது கருவிழியின் வளைவு கொஞ்சம் மாறும். பெரிய வெட்டில் அதிகம், சின்னதில் குறைவு. அதனால் பாகோவுக்கு நான்கு வாரமும், எஸ்.ஐ.சி.எஸ்.-க்கு ஆறு வாரமும் கழித்துத்தான் பவர் பார்ப்பது சரி. பத்தாம் நாளே கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டால் அடுத்த மாதம் அது பொருந்தாது. அதுவரை படிக்க, கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வைத்துச் சமாளிக்கலாம். கண்ணுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "புரை திரும்ப வளர்ந்துடுச்சு" என்பார்கள். எடுத்த புரை வளராது. லென்ஸைத் தாங்கும் பையில் ஒட்டியிருந்த சில செல்கள், வெட்டுப்பட்ட இடத்தை மூடப்போவதுபோலப் பெருகிப் பின்சுவரில் படர்ந்துவிடுகின்றன. யாக் லேசரால் அந்தச் சுவரின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறப்பார்கள். உட்கார்ந்தபடியே சில நிமிடம், வெட்டும் கிடையாது, கட்டும் கிடையாது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டிருப்பார்கள் என்பதால், போகும்போது வண்டி ஓட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.